ஸ்ரௌவ்வில் தெருவில் வந்த தேர்

போன இலையுதிர் காலத்தில், நாங்கள் கனடாவில் ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் புது வீடு வாங்கிக் குடிவந்த கொஞ்ச நாளில் நடந்தது இது. அங்கே எல்லா வீடும் ஒரே அச்சு. எனக்கே சிலவேளை வாசல் பிழைத்துவிடும். ஞாபகமறதி வந்த என் அப்பாவுக்குக் கேட்கவா வேண்டும்! ஒருநாள் பின்னேரம் சோறு வடித்துவிட்டுத் திரும்பினால் முன்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. அப்பாவைக் காணவில்லை.

பொலிசுக்குச் சொன்னோம். கணவர் காரில் ஒரு பக்கம் ஓட, நான் நடந்து தேடினேன். இருட்டிக்கொண்டு வந்தது, குளிர் வேறு. ஜாக்கெட்கூடப் போடாமல் போயிருந்தார். வீடு கட்டத் தோண்டிப்போட்ட பள்ளங்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

அப்போதுதான் உறுமிக்கொண்டு அந்தக் கார் வந்தது. தரையோடு தரையாகப் பதிந்த பந்தயக் கார். உடம்பெல்லாம் ஊதா மினுக்கம், அடியில் நிறம் மாறி மாறி ஓடும் விளக்குகள். ஜப்பானில் இப்படிக் காரைச் சோடித்துக்கொண்டு திரியும் கூட்டத்தை வீடியோக்களில் பார்த்து, "உதுகளுக்குக் கொழுப்பு" என்று நான் திட்டியதுண்டு. ஆனால் இந்தக் கார் நடை வேகத்தில் ஊர்ந்தது. அதன் பின்னால் வெறுங்காலோடு, கைகூப்பியபடி அப்பா!

ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். அவர் என்னை அதட்டினார். "பிள்ளை, செருப்பைக் கழட்டு. தேர் வருது, தெரியேல்லையே?"

அவர் தோளில் யாரோ ஒருவருடைய தடித்த ஜாக்கெட். அப்பாவின் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞன் பக்கத்தில் நடந்து வந்தான். ஜப்பானில் பிறந்தவனாம், கார் அவனுடையது. ஓட்டியது அவன் சிநேகிதன். கடைவாசலில் நின்ற காரை அப்பா கும்பிட்டிருக்கிறார். ஏற்றிக்கொள்ளலாமென்று கதவை மேலே தூக்கியதும் பயந்து பின்வாங்கிவிட்டார். சாமியின் தேரில் அவர் ஏறுவாரா? பிறகு பெரிய ரோட்டுப் பக்கம் நடக்கப் பார்த்தாராம். இவர்கள் காரை மெல்ல இந்தப் பக்கம் திருப்பியதும் பின்னாலேயே வந்துவிட்டார். தெருத்தெருவாக ஊர்ந்தால் யாராவது ஆளை அடையாளம் காண்பார்கள் என்று நினைத்தோம் என்றான் அவன், ஆங்கிலத்தில்.

அப்பா என்ன நினைத்துக்கொண்டு வருகிறார் என்று அவனுக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. சிநேகிதனிடம் மிச்ச விளக்குகளையும் போடச் சொன்னான். அயலவர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு அப்பாவோடு நடந்தேன்.

எங்கள் வீட்டு வாசலில் கார் நின்றது. "தேர் இருப்பிடத்துக்கு வந்திட்டுது. இனிச் சாப்பிடலாம்" என்று அப்பா நிம்மதியாக உள்ளே போனார். வாசலிலேயே நின்று அழுதுவிட்டேன்.

அப்பா பிசகாகச் சொல்வதை உடனுக்குடன் திருத்துவதுதான் அவரைக் கவனிப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். முன்பின் தெரியாத அந்த இருவரும் அவரைத் திருத்தவில்லை, அவர் கண்ட தேரையே ஓட்டி அவரை வீடு சேர்த்தார்கள். இப்போது அவர் தன் ஞாபகத்தில் எந்த ஊர் வீதியில் நின்று என்னைக் கூப்பிட்டாலும், "ஓம் அப்பா, வாறன்" என்று நானும் கூடப் போகிறேன்.