ஊதாப் பொட்டு வைத்த டிஸ்க்

பெரு நாட்டு லிமாவின் வில்சன் கடைத்தெருவில் பிதென்சியோ வர்காயாவைத் தெரியாதவன் கிடையாது. அங்கே ஹார்ட் டிஸ்க் விற்பவர். விற்கிற ஒவ்வொரு டிஸ்கிலும் ஓரத்துத் திருகாணி மேல் மனைவி தெல்ஃபாவின் ஊதா நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். எங்கேயோ வாங்கிய கெட்டுப்போன டிஸ்கைக் கொண்டுவந்து, "உங்ககிட்ட வாங்கினதுதான், மாத்திக் குடுங்க" என்று கூசாமல் சாதிப்பவர்கள் அந்தத் தெருவில் ஏராளம். பொட்டு இருந்தால்தான் அது அவர் சரக்கு.

பக்கத்து மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கணினியைப் பதினோரு வருஷமாகப் பராமரித்ததும் அவர்தான். கணினிக் கம்பெனியின் டிஸ்க் ஒன்றின் விலைக்கு வெளிச்சந்தையில் கிடைக்கும் வெளி டிஸ்க் நாலு வாங்கலாம். அவர் வெளி டிஸ்கைத்தான் போடுவார். ஒரு படம்கூடத் தொலைந்ததில்லை. ஜனவரியில் நிரந்தர வேலை என்று மருத்துவமனைத் தலைவர் டாக்டர் இசோலினா வாக்குக் கொடுத்திருந்தார். ஐம்பத்தாறு வயதில் பிதென்சியோவை வேறு எவன் வேலைக்குக் கூப்பிடப் போகிறான்?

டிசம்பரில் கம்பெனியின் முகவர் ரென்சோ வந்து, கணினியின் ஃபர்ம்வேரை, அதாவது இயந்திரத்துக்குள்ளேயே கம்பெனி எழுதிவைக்கும் ஆணைகளை, புதுப்பித்துவிட்டுப் போனான். மறுநாளே பிதென்சியோவின் டிஸ்க் ஒவ்வொன்றின் மேலும் ஆரஞ்சு விளக்கு. மின்விசிறிகள் பேய் பிடித்ததுபோல் அலறின. படங்களெல்லாம் ஒழுங்காகத்தான் திறந்தன. அதை யார் பார்த்தார்கள்?

"என்ன மாஸ்டர் இது, காது கிழியுது?" என்றார் டாக்டர்.

"டிஸ்க்ல ஒரு கோளாறும் இல்ல டாக்டரம்மா. ஃபர்ம்வேர மாத்தினதுலேர்ந்து, வெளி டிஸ்க்குன்னு மிஷின் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு, அவ்வளவுதான்."

தகவல் கேட்டு வந்து கூட நின்ற ரென்சோ சிரித்தான். "வில்சன் தெருக் குப்பையெல்லாம் உள்ள போட்டா மிஷின் கத்தாம, தாலாட்டா பாடும்?"

வெள்ளிக்கிழமை அவன் கம்பெனி டிஸ்க்குகளோடு வந்து ஒவ்வொன்றாக மாற்றினான். மாற்ற மாற்ற விளக்குகள் பச்சையாயின, விசிறிகளும் அடங்கின. மாட்ட வேண்டிய கடைசிப் புது டிஸ்கை, "இதக் கொஞ்சம் பிடிங்க மாஸ்டர்" என்று பிதென்சியோவின் கையில் திணித்தான்.

கம்பெனி ஸ்டிக்கரின் ஒரு முனை எழும்பியிருந்தது. கை சும்மா இருக்குமா? உரித்துப் பார்த்தார். திருகாணி மேல் ஊதாப் பொட்டு.

ஆகஸ்டில் ஒரு ஆள் ரசீதுகூட வேண்டாமென்று எட்டு டிஸ்க் வாங்கிப் போனது நினைவுக்கு வந்தது. டிஸ்கைத் தூக்கிக் காட்டினார்.

"டாக்டரம்மா, இது என் டிஸ்க்! இதோ என் பொட்டு! என் கடையிலயே வாங்கி, டிஸ்க்குக்குள்ள அவங்க ஃபர்ம்வேர ஏத்தி, மேல ஸ்டிக்கர ஒட்டிட்டு வந்திருக்காங்க!"

ரென்சோவின் முகம் சுண்டிப்போனது. டாக்டர் பொட்டைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் ஓடும் கணினியைப் பார்த்தார்.

"பச்சை எரியுதே மாஸ்டர்."

"அதான் சொல்றேன், அதே டிஸ்க்குதான்..."

"உங்களுதாவே இருக்கட்டும். நீங்க போட்டா கத்துது, அவர் போட்டா கத்தல. எனக்குக் கத்தாத மிஷின் வேணும்." பிதென்சியோவின் முகத்தைப் பார்க்காமலே டாக்டர் சொன்னார்: "மிஷின் ரூம் சாவிய மேஜையில வச்சிட்டுப் போங்க."

சாவியை வைத்தார். பதினோரு வருஷம் சட்டைப்பையில் கிடந்த சாவி.

"மாஸ்டர், அந்த டிஸ்க்," என்று ரென்சோ கையை நீட்டினான். "இன்னும் ஒண்ணு மாட்டணும்."

பிதென்சியோ உரித்த ஸ்டிக்கரைப் பழையபடி ஒட்டி, தன் டிஸ்கை அவனிடம் கொடுத்தார்.