கும்பிட்டே நின்ற ஷட்டர்காரன்

ஆயுதபூஜைக்கு என் ஓசூர் ஷெட்டில் வாழைமரம் கட்டியவர்கள், கயிற்றை ஷட்டர் ஓடும் சேனலுக்குள்ளேயே விட்டுக் கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை தூக்கியதும் ஷட்டர் சேனலை விட்டுக் கழன்று கோணிக்கொண்டது. கம்பெனிக்குப் போகவேண்டிய லோடு வண்டி உள்ளே மாட்டிக்கொண்டது.

சரிசெய்ய வந்த ஷட்டர்காரன் நெற்றி நிறையச் சந்தனம் பூசியிருந்தான். வாயைத் திறக்கும்போதெல்லாம் வாழைமரத்தைத் தொட்டுக் கும்பிட்டான், சோம்பேறிப் பயல்.

"பூஜை மரத்துல நான் கைவெக்க மாட்டேங்ணா. தானா வாடட்டும், வர்றேன்."

"அதுவரைக்கும் வண்டிய உள்ள வெச்சு நானும் கும்புடறதா? தள்ளுடா!"

மூன்றாவதோடு படிப்பை விட்டு, வெறுங்கையோடு வந்து இந்த ஷெட்டை எழுப்பியவன் நான். கயிற்றை அறுத்து, சேனலைத் தட்டி நிமிர்த்தி, ஷட்டரை உள்ளே ஏற்றினேன். வண்டி கிளம்பியது.

அதுவரை கைகட்டி நின்றவன், "நம்ம கடையில ஆள் பத்தலீங்ணா, வேலைக்கு வர்றீங்களா?" என்றான். நக்கலா, நிஜமாகவே கேட்டானா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.