துணைக்கு ஒரு கையெழுத்து

எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் அக்காவைத் தெருவே டெய்லர் அக்கா என்றுதான் கூப்பிடும். துணி வெட்டிக்கொண்டே அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவருடைய கணவரை மாமா என்று கூப்பிட்டுப் பழகியவன் நான். இப்போது வாய் வரவில்லை.

மார்பில் வந்த புற்றுநோய் மூளைக்கும் பரவிவிட்டது என்று தெரிந்த அன்று, அக்கா ஸ்கேன் அறையில் திரைக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் கணவர் தன் அண்ணனிடம் போனில் பேசினார்.

"ஆறு மாசம் தாங்கினாலே பெருசுண்ணே. எனக்கு ஒரு நல்ல எடமா பாத்து வைங்க."

அக்கா நிதானமாகப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேலை, சாகாமல் இருப்பது.

அந்த மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். காலையும் மாலையும் விழுங்க மாத்திரை, மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்ற இன்னொரு மருந்து. இரண்டும் சேர்ந்தால் மூளையில் உள்ள கட்டிகள் சுருங்குமா என்று பார்ப்பார்கள். கூடவே வந்து, வீட்டில் நோயாளி எப்படி இருக்கிறார் என்று சொல்ல ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அக்காவின் தங்கை ஓடி வந்தாள். அக்கா அவளை விட்டுவிட்டுக் கணவரைக் கைகாட்டினார்.

ஒவ்வொரு முறையும் காலை ஏழு மணிக்கு வரிசை. மருந்து ஏறி முடியும்வரை கணவர் முதுகு வலிக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் கிடப்பார். தாகம் இல்லாமலே மூன்று முறை தண்ணீர் பிடித்துவர அனுப்புவார் அக்கா. கேட்கக் கேட்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் அக்கா ஒரு தப்பு செய்தார். மருந்தால் தினமும் என்னென்ன தொந்தரவு என்று குறிக்க ஒரு நோட்டு கொடுத்திருந்தார்கள். உள்ளதை எழுதினால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து, எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினார். உள்ளங்கைத் தோல் உரிந்து ஊசி பிடிக்க முடியவில்லை. வயிற்றுப்போக்கில் சுவரைப் பிடித்து நடந்தார். நோட்டில் மட்டும் இல்லை, இல்லை, இல்லை.

மூன்றாவது சுற்று மருந்தின்போது, வீட்டில் எப்படி இருக்கிறார் என்று நர்ஸ் கணவரிடம் கேட்டார். அவர் அக்காவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அக்கா எத்தனை முறை கக்கூஸ் போனார் என்பது வரை சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு ரத்தம் கொதித்தது. "என்னைக் கழட்டி விடத்தானே இப்படிச் சொல்றீங்க? பொண்ணு பாத்தாச்சா?"

அந்தப் போன் பேச்சு அக்காவுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் கணவருக்குத் தெரிந்தது.

நர்ஸ் அக்காவின் கையை விரித்துப் பார்த்தார். "நீங்க பொய் எழுதினா, அடுத்து வர்றவங்களுக்கும் இதே அளவுதாம்மா குடுப்போம். அவங்க கையும் உரியட்டுமா?"

ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்தார்கள். ஆய்விலிருந்து எடுக்கவில்லை.

ஏழாவது மாத ஸ்கேனில் பெரிய கட்டி பாதியாகியிருந்தது. சின்னது இரண்டும் வளரவில்லை. குணமாகிவிட்டது என்று டாக்டர் சொல்லவில்லை, தொடரலாம் என்றார். இதைக் கேட்டபோது நான் அழுதேவிட்டேன்.

தொடர்வதற்குப் புதுப் படிவம் வந்தது. இதற்குள் கணவர் இளைத்து, யார் நோயாளி என்று கேட்கும்படி ஆகியிருந்தார். இனித் தங்கையைக் கூட்டி வரலாமே என்றார் நர்ஸ். கணவர் சரியென்று பாதி தலையாட்டிவிட்டார்.

"வேணாம் சிஸ்டர்," என்றார் அக்கா. "நான் சாகறதுக்கு நாள் பாத்த மனுஷன். பொழைச்சுக் கெடக்கறதையும் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்."

கணவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"தேதியும் போடுங்க," என்றார் அக்கா.