சுவருக்கு அந்தப் பக்கம் காய்த்த அவரை

அந்த வருஷம் மார்கழியில் மைசூர் முழுக்க அவரைக்காய் வாசனை. மார்க்கெட் வாசலில் கோணி விரித்துக் குவியல் குவியலாகக் கொட்டியிருந்தார்கள். வாங்கிப்போனவர்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்து கொட்டையை உரித்தார்கள், ஊறவைத்தார்கள், விரலால் பிதுக்கித் தோலை எடுத்தார்கள். தெருவில் நடந்தால் காலில் அவரைத் தோல்தான் மிதிபடும். எங்கள் வீட்டுப் பந்தலில் மட்டும் வெறும் இலை.

பிள்ளைகளே, உங்களில் பெரியவள் மட்டும் அப்போது பிறந்து தவழ்ந்துகொண்டிருந்தாள். மற்றவர்களுக்கு இது தெரியாத கதை. அவரைக்கொடி என்று பேச்சு வந்தாலே அம்மா ஏன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பலமுறை கேட்டிருக்கிறீர்கள். எட்டாவது வரை படித்தவன் நான். எனக்கு வந்தபடி எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. கொள்ளேகாலமும் ஹனூரும் அப்போது மதராஸ் ராஜ்யத்தில் இருந்தன. உங்கள் அம்மாவுக்கு ஹனூரை ஒட்டிய ஊர். நான் மைசூரில் மில் வேலையில் இருந்தேன். கல்யாணமாகி வரும்போது அவள் சீலைத்துணியில் முடிந்து கொண்டுவந்தது அவரை விதை. அதற்கு ஒரு பெயரும் கிடையாது. அவர்கள் வீட்டில் "நம்மூட்டு அவரை" என்றே சொல்வார்கள். காய் இரண்டு விரல் அகலம் இருக்கும். ஓரத்தில் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரை ஓடும். விதை கருஞ்சிவப்பு, அதன் ஒரு பக்கத்தில் வெள்ளைக் கோடு. மைசூர்க்காரர்களுக்கு அவரை என்றால் உள்ளே இருக்கும் கொட்டை. எங்களுக்கு அது தோலோடு சாப்பிடுகிற காய். இரண்டும் ஒரே சாதிதான் என்றாலும், மார்க்கெட் காயை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள், அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

ஆடியில் அவள் கையில் இருந்த எல்லா விதையையும் ஊன்றினோம். வாசல் பக்கம் நான் பந்தல் போட்டேன். கொடி நன்றாகவே ஏறியது. தசராவுக்கு முன்னால் முனிசிபாலிட்டிக்காரர்கள் வந்து, சரியாக எங்கள் பந்தலை ஒட்டி ஒரு விளக்குக் கம்பம் நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் சந்துக்கு அதுதான் முதல் விளக்கு. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்தவன் நான். பந்தல் கயிற்றை இழுத்து அந்தக் கம்பத்திலேயே கட்டினேன். கொடி கம்பத்தைச் சுற்றி ஏறி விளக்கின் தலை வரைக்கும் போயிற்று. பகலில் வெயில், இரவில் கரண்ட் வெளிச்சம், இந்த ஊரிலேயே என் செடிக்குத்தான் இரட்டைச் சாப்பாடு என்று மில்லில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தீபாவளி கழிந்து பஸ் கண்டக்டர் ஒருவர் வழியாக உங்கள் மாமாவிடமிருந்து சேதி வந்தது. ஊரில் பெய்த அடைமழையில் கூரை ஒழுகி, சாம்பல் போட்டு வைத்திருந்த விதைப்பானைக்குள் தண்ணீர் இறங்கி, எல்லா விதையும் முளைவிட்டு அழுகிவிட்டதாம். பக்கத்து வீடுகளிலும் அந்த அவரை கிடையாது. தங்கச்சிகிட்ட இருக்கும், மாசி கழிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அன்றைக்கு உங்கள் அம்மா சாப்பிடவில்லை. "ஏனுங்க, அத்தனையையும் ஊனிப்புட்டமே. ஒரு பத்து விதையாச்சும் எடுத்து வெச்சிருக்கலாமில்ல?"

"கொடிதான் இருக்குதே. காய்க்கும், எடுத்துக் குடு."

"யாருகிட்டயும் சொல்லாதீங்க. விதைக்காகப் பாத்துட்டு இருக்கறோம்னு தெரிஞ்சா கண்ணு பட்டுப்போகும்."

சரி என்றேன். அன்றிலிருந்து அதைப் பற்றி வெளியே அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மில்லுக்குப் போகும்முன் ஒரு தடவை பார்ப்பேன். வந்து சட்டையைக் கழற்றும்முன் ஒரு தடவை. இலைக்கணுவைத் தூக்கித் தூக்கிப் பார்த்து இலைகளே கன்றிப்போயின. கார்த்திகை போனது, மொட்டு இல்லை. மார்கழி பிறந்தது, மொட்டு இல்லை. இலைகளோ உள்ளங்கையை விடப் பெரிதாக, பச்சைப் பசேலென்று, ஒரு நோயும் இல்லாமல் கொழுத்துக் கிடந்தன. சாம்பல் தூவினேன். மோர் கரைத்து ஊற்றினேன். தண்ணீரை நிறுத்திக் காயப்போட்டேன். பாதி இலையைக் கிள்ளியும் பார்த்தேன். மில்லில் தறி முன்னால் நிற்கும்போதுகூடக் கண்ணுக்குள் அந்தப் பந்தல்தான். இழை அறுந்ததைக் கவனிக்காமல் மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன்.

எதிர்வீட்டுக் கன்னடக்காரர் தினமும் தன் வாசலில் அவரைக்கொட்டை பிதுக்கியபடியே கேட்பார். "ஏன் ஸ்வாமி, நிம்ம அவரைக்கு நாச்சிகேயா? பூவே காணோமே!" நாச்சிகே என்றால் வெட்கம். அவர் வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே வந்து அம்மாவிடம் எரிந்துவிழுவேன்.

தை பிறந்து பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டிக் குடியிருந்தவர் ஒரு நர்சம்மா. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், தமிழர், தனியாள். ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இரவு வேலை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து சமைத்தால் எங்களுக்கு ஒரு கிண்ணமாவது வராமல் இருக்காது. அன்றும் சுவருக்கு மேலே மூடிய கிண்ணத்தை நீட்டினார். "சூடா இருக்கும்மா. இப்பவே சாப்பிடுங்க."

அம்மா திறந்தாள். தேங்காய் போட்ட அவரைப் பொரியல். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். அதைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. கிண்ணத்துக்குள் விரலை விட்டு ஒரு பிஞ்சு விதையை எடுத்து என் முன்னால் நீட்டினாள். வெந்து நிறம் போயிருந்தாலும் வெள்ளைக் கோடு தெரிந்தது.

"இது நம்மூட்டு அவரைங்க."

"உனக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும்."

"எம்பட நாக்குக்குத் தெரியாதா? வழுவழுப்பே இல்லாம, கடைசீல ஒரு இனிப்பு வருது பாருங்க. நர்சக்கா! ஏனுங்க நர்சக்கா! இது எங்க பறிச்சீங்க?"

நர்சம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எங்க பறிப்பேன்? உங்க கொடிதான். ஒண்ணு உங்க கூரை மேல ஓடி, சுவரேறி எங்க சமையக்கட்டுக் கூரைக்குப் பின்னால வந்து நின்னுச்சு. சும்மா கொத்துக் கொத்தாக் காய்ச்சிருக்கு. என் பக்கம் வந்ததுதானேன்னு பறிச்சுட்டேன். போன வாரம் கொழம்பு வெச்சேன்."

"கொழம்பா!" என்று அம்மா சுவரிலேயே சாய்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சொல்லவேண்டியதாயிற்று. விதைப்பானை போன கதை, மச்சான் வரப்போகிற கதை, எல்லாவற்றையும் சொன்னேன்.

நர்சம்மாவின் முகம் சிவந்துபோயிற்று. "அய்யோ ஆண்டவரே. இத்தன நாளா ஒரு சுவரு தள்ளி இருக்கேன். விதைக்கு விட்டிருக்கோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு காயைத் தொட்டிருப்பேனா?"

"கண்ணு படும்னு சொல்லலீங்க."

"என் கண்ணா?"

"ஐயோ, உங்க கண்ணுன்னு சொல்லுவனுங்களா? பொதுவாச் சொன்னேன்."

"நல்லா இருக்கு. கண்ணு படலை, என் பல்லு பட்டிருச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் அந்தப் பக்கம் ஓடினேன். கூரைக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில், எங்கள் கொடியின் ஒரே ஒரு கிளை. வாடிய பூங்கொத்துகளின் நுனியில் ஊதாக்கரை போட்ட காய்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. ஒரே கொடி, ஒரே மண், ஒரே தண்ணீர். அங்கே காய், இங்கே இலை. எனக்குத் தலை சுற்றியது.

நர்சம்மா எங்கள் வாசலுக்கு வந்து பந்தலைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார். "நான் டியூட்டிக்குப் போறப்பல்லாம் பாக்கறேன். ராத்திரி பூரா இது பட்டப்பகல் மாதிரி எரியுது. எங்க வார்டுல விளக்க அணைக்கலேன்னா ஒருத்தருக்கும் தூக்கம் வராது. உங்க அவரை தூங்கவே இல்லியோ என்னவோ."

"செடிக்கு ஏது தூக்கம்?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? மனுஷங்களத்தான் பாத்திருக்கேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இரட்டைச் சாப்பாடு போட்டீங்களே, போட்டீங்களே" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சிரிப்பு அங்கே ஆரம்பித்ததுதான்.

எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. கொடியைக் கம்பத்திலிருந்து பிய்க்காமல் மெதுவாக இறக்கினேன். மில்லிலிருந்து பழைய கோணிப்பைகள் கேட்டு வாங்கி வந்து ஒன்றோடு ஒன்று தைத்தேன். விளக்கு எரிவதற்கு முன்னால் பந்தலைப் போர்த்துவேன். காலையில் எடுப்பேன். எதிர்வீட்டுக்காரருக்குக் கொண்டாட்டம். "நாச்சிகே ஜாஸ்தியாயிடுத்தா ஸ்வாமி? இப்போ முக்காடு வேறயா?" என்று தெரு கேட்கக் கத்தினார். என் கவலையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மிஞ்சியிருந்த காய்களில்தான் இருந்தது.

அவை முற்றுவதற்குள் நான் பட்ட பாடு! எலி கடித்துவிடுமோ என்று கிளையைச் சுற்றி முள் கட்டினேன். புழு துளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்ப்பேன். "இப்பிடித் தடவுனா நீங்களே உதுத்துருவீங்க" என்று அம்மா விரட்டுவாள். வானத்தில் மேகம் தெரிந்தால் சோறு இறங்காது. நர்சம்மா டியூட்டி முடிந்து வந்ததும் படுக்கப்போகும்முன் சுவரோரம் நின்று நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். "ராத்திரி ஒண்ணும் தொந்தரவு இல்ல. எல்லாம் அப்படியே இருக்கு." அதைக் கேட்டால்தான் எனக்கு வேலைக்குப் போகக் கால் வரும்.

மாசியில் ஒரு காலை கோணியை எடுத்தபோது, எங்கள் பந்தலில் இலைக்கணுவில் கடுகு மாதிரி மொட்டுகள். நான் போட்ட சத்தத்தில் பெரியவள் பயந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் பூ விரியும்முன் அசுவினி விழுந்தது. தண்டு முழுக்கக் கரும்பேன். சாம்பலைத் தூவித் தூவி என் கைதான் வெளுத்தது. அந்தப் பக்கத்துக் காய்கள் மட்டும் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலவென்றன.

பங்குனியில் மாமா வந்தார். வேட்டியெல்லாம் பஸ் புழுதி. தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார். "ஏன் அம்மிணி, வெதை இருக்குதா?"

அம்மா முறத்தில் கொட்டி முன்னால் வைத்தாள். மொத்தமே ஒரு உள்ளங்கை நிறையத்தான். மாமா ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக் கோட்டை நகத்தால் தடவினார். "இதேதான்" என்றார்.

"அத்தனையும் நீயே எடுத்துட்டுப் போண்ணா" என்றாள் அம்மா.

எங்கள் பந்தல் காய்க்குமா, அசுவினியோடு போய்விடுமா என்று யாருக்கும் தெரியாது. முழுவதையும் கொடுத்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அண்ணன் தங்கை நடுவில் நான் என்ன பேசுவது? எழுந்து வாசலுக்குப் போனேன், திரும்ப வந்தேன், மறுபடியும் போனேன்.

"உக்காருங்க மாப்ளே. தலை சுத்துது எனக்கு" என்றார் மாமா. பிறகு முறத்தைத் தன் பக்கம் இழுத்து விதையை விரலால் பிரித்தார். பாதியை மட்டும் துண்டில் முடிந்துகொண்டார். "ஒரே ஊட்டுல, ஒரே பானைல வெச்சிருந்ததுனாலதான அம்மிணி எல்லாம் ஒரேயடியாப் போச்சு. எங்கிட்டப் பாதி, உங்கிட்டப் பாதி. உங்கிட்ட இருக்கறதையும் பானைல பூட்டி வெக்காத."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நர்சம்மா வீட்டு வாசலில் நின்றாள். நர்சம்மாவின் கையில் விதை. அங்கிருந்து எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கும் கையைத் திறந்தாள். "ஆடில ஊனுங்க. எங்களது போச்சுன்னா உங்ககிட்டத்தான் கேட்டு வருவேன், தரணும்" என்று தன் தமிழும் கன்னடமுமாகச் சொல்வது கேட்டது. அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். அதற்கடுத்து மூலைவீட்டுக்கும் போனாள்.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னயே" என்றேன் அவள் வந்ததும்.

"சொல்லாம இருந்துதான பாத்தோம்" என்றாள்.

ஆடி வந்தது. எல்லா வீட்டிலும் ஊன்றினார்கள். அத்தோடு என் பாடு தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், பிள்ளைகளே. முந்தைய வருஷம் எனக்கு ஒரு பந்தல் கவலைதான். இப்போது மில்லுக்கு நேர்வழியில் போக முடியவில்லை. நர்சம்மா வீட்டுப் பின்பக்கம் ஒரு எட்டு, எதிர்வீட்டு வேலிக்கு மேல் ஒரு பார்வை, மூலைவீட்டில் ஆடு வாய்வைத்துவிட்டதா என்று ஒரு விசாரிப்பு, இத்தனையும் முடித்துவிட்டுத்தான் ஓட்டமும் நடையுமாக வேலைக்குப் போவேன். அதற்குள் மில் சங்கு ஊதிவிடும்.