எந்த போனுக்கும் பிடிபடாத கட்டைவிரல்

தங்கை ஜெயித்தவற்றைச் சொல்வதென்றால் இரண்டு வயதில் வந்த விஷக் காய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டும். பக்கத்துப் படுக்கைக் குழந்தைகள் பிழைக்கவில்லை, இவள் பிழைத்தாள். பிறகு, வெந்நீர்க் குழாய் வெடித்து முழங்கை வெந்தபோது, இனி இந்தக் கை துணி பிழியாது என்று சொல்லிவிட்டார்கள். கட்டு அவிழ்த்த கையோடு ஈரக் கம்பளியைத் தனியாளாகப் பிழிந்து காட்டினாள். கட்டியவன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான்; மகளைத் தனியாக வளர்த்து, செவிலியர் படிப்பு படிக்கவைத்து, வெளியூரில் வேலைக்கும் அனுப்பினாள். சலவைக்கூடத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று வாசலை மறித்து உட்கார்ந்து, வாங்கியும் கொடுத்தாள். கடைசியாக, எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியை யாரும் உட்காரவைக்காத நாற்காலியில் உட்கார்ந்தாள்: சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர் ஆனாள்.

அந்த நாற்காலியைத்தான் ஒரு போன் பிடுங்கப் பார்த்தது.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கிற கூடம் அது. நுழைந்ததும் ஈரப் பகுதி. ஊறல் தொட்டிகள், வரிசையாக மெஷின்கள், கண்ணைக் கரிக்கும் பிளீச்சிங் நெடி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உலர்ப் பகுதி. அங்கே இஸ்திரி, மடிப்பு, அடுக்கு. ஈரப் பகுதியில் தங்கைக்கு ‘சுடுதண்ணி’ என்று பெயர். வாயைக் கொடுத்தால் சுட்டுவிடுவாள். ஆனால் அவள் கை படாமல் எந்தக் கறையும் போகாது. இருபது வருடத்துக்கு மேலாகச் சலவைச் சோடாவில் ஊறிய கை. விரல் நுனிகள் கழுவிவைத்த தட்டு மாதிரி வழவழவென்று இருக்கும்.

புது நிர்வாகம் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. தினமும் காலையில் மேற்பார்வையாளர் தன் போனில் அந்தச் செயலியைத் திறந்து விரலை வைக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்களின் வருகை பதியும், மெஷின்களும் ஓடும். எண் போட்டுத் திறக்கிற வழி அதில் கிடையாது; எண்ணை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிவிடலாம், விரலைச் சொல்ல முடியாது. விரல் பதியாதவர்கள் தாளில் கையெழுத்துப் போடலாம் என்று சலுகை கொடுத்திருந்தார்கள். அதையும் மேனேஜர் ஒரு வரியில் முடித்துவிட்டார். “கைநாட்டு மட்டும் செல்லாதும்மா. யார் வச்சதுன்னு நாங்க எப்படிப் பாக்குறது?” இரண்டும் இல்லாதவர்கள் நாற்காலியை விட வேண்டியதுதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இது நடைமுறை.

அக்காவும் தங்கையும் மாடியில் இரண்டு அறை வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். அக்கா ஒரு சட்டைக் கம்பெனிக்குப் பொத்தான் துளையில் காஜா எடுப்பவள். சின்ன வயதில் வீட்டிலிருந்து ஒருத்தியைத்தான் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. அது மூத்தவளாகப் போனது. அவளும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

“பேசாம கையெழுத்துப் போடக் கத்துக்கோடி,” என்றாள் அக்கா. “உன் பேரு நாலே எழுத்து. நான் சொல்லித் தரேன்.”

“என் பொண்ணு ஊசி போடுறா. நான் இங்க உக்காந்து அ ஆ போடவா? அவங்க விரலைத்தான கேக்குறாங்க? பத்து இருக்கு என்கிட்ட. அதைப் படிக்கத் தெரிஞ்ச போனைத் தேடுவோம்.”

தங்கையிடம் இருந்தது திரை விரிசல் விட்ட பழைய போன். அதில் விரல் வைக்கிற வசதியே கிடையாது. விடுமுறை நாளில் இருவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். முதல் கடையில் இளைஞன் ஒருவன் உற்சாகமாக ஆரம்பித்தான். “கேமரா வேணுமா, பேட்டரி வேணுமா, கேமுக்கா?”

“விரலுக்கு,” என்றாள் தங்கை.

அவன் பின்பக்கம் விரல் வைக்கிற மாடலைக் கொடுத்தான். கட்டைவிரலை வைத்தாள். எடுத்து வைக்கச் சொன்னது. எடுத்து வைத்தாள். துடைத்துவிட்டு வைக்கச் சொன்னது. முந்தானையில் துடைத்து வைத்தாள். திரையில் ரேகைக்கோடுகள் நிறம் மாறவே இல்லை. திரைக்கு அடியில் விரல் வைக்கிற மாடல் வந்தது. அது பச்சை வெளிச்சம் போட்டுப் பார்த்துவிட்டு, முடியாது என்று ஒரு அதிர்வோடு சொன்னது. ஆள்காட்டி விரல், நடுவிரல், இடது கை என்று எல்லாவற்றையும் காட்டினாள். பக்கத்தில் கவர் வாங்க வந்தவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“அம்மா, இது போன மாசம் வந்த மாடல். இதுலயே பதியலைன்னா…”

“உன் போன் போன மாசத்து மாடல். என் விரல் நாப்பத்தாறு வருஷத்து மாடல்டா தம்பி. பழசுக்கு மரியாதை குடுக்கச் சொல்லு.”

கூட்டம் சிரித்தது. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தங்கை கிண்டல் செய்கிறாள் என்றால் உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும்.

முகத்தைக் காட்டித் திறக்கிற போன் போதாதா என்று அக்கா கேட்டாள். சாதாரண முகப் பூட்டை அந்தச் செயலி ஏற்காது, போட்டோவைக் காட்டியே ஏமாற்றிவிடலாம் என்றான் அவன். ஏற்றுக்கொள்கிற ஒரே ஒரு மாடல் கண்ணாடிப் பெட்டிக்குள் தனி விளக்கின் கீழ் இருந்தது. தங்கைக்கு எண்கள் நன்றாகத் தெரியும். விலைச் சீட்டைப் பார்த்தாள். “இதை வாங்கினா உன் கடையையும் சேத்து எழுதிக் குடுப்பியா?” என்று கேட்டுவிட்டு வெளியே இறங்கினாள்.

அதன் பிறகு அவள் வாயில் போன் பேச்சுதான். எந்த மாடலில் விரல் பட்டனில், எதில் திரைக்கு அடியில், எது அடுத்த மாதம் வரப்போகிறது என்று சலவைக்கூடத்துப் பெண்களுக்குப் பாடம் நடத்தினாள். வேலை முடிந்து வரும் வழியில் எந்தக் கடை திறந்திருந்தாலும் ஏறி விரலைக் காட்டிவிட்டு வந்தாள். அத்தனையும் அவளைத் தெரியாது என்றே சொல்லின.

மருந்துக்கடைக்காரர்தான் ஒரு வழி சொன்னார். “ரேகை செத்துப்போகலம்மா, தேஞ்சிருக்கு. தண்ணி, சோடா படாம கொஞ்ச நாள் விட்டா திரும்ப வரும்.”

அன்றிலிருந்து வலது கட்டைவிரலுக்கு ஒரு ரப்பர் உறை. இரவில் எண்ணெய். கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே போர்வை அலசினாள். ‘சுடுதண்ணி’ போய் ‘ஒன்பது விரல்’ என்று பெயர் மாறியது. உலர்ப் பகுதியில் ஒரு பெண், விடுதிப் போர்வைகளைக் கத்தி போல மடிப்பவள், அதனால் ‘மடிப்பு’ என்றே அழைக்கப்படுபவள், கதவருகே நின்று கேட்பாள். “என்னக்கா, விரல் வெளஞ்சிடுச்சா? அறுவடை எப்போ?” தங்கை போனால் அடுத்த மேற்பார்வையாளர் அவள்தான். அவள் விரலை எந்த போனும் தொட்ட உடனே அடையாளம் கண்டுகொண்டது.

மாதம் முடியும் வேளையில் விரலில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. அக்கா விளக்கடியில் பிடித்துப் பார்த்து, “வந்திருச்சுடி,” என்றாள். அதே நாள் பக்கவாட்டு பட்டனில் விரல் வைக்கிற போன் ஒன்றை வாங்கினார்கள். பழைய போனைக் கடையிலேயே கொடுத்துவிட்டார்கள். முதல் தேதி காலையில் தங்கை விரலை வைத்தாள். செயலி திறந்தது. மெஷின்கள் ஓடின. அக்காவுக்கு போன் போட்டு, “என்னைத் தெரியுதாம் அதுக்கு!” என்று கத்தினாள்.

“இனிமே தண்ணியில கை வைக்காத. நாற்காலியில உக்காந்து வேலை வாங்கு,” என்றாள் அக்கா.

“சரி சரி.”

அந்தச் சரியை அக்கா நம்பவில்லை. நம்பாதது சரியாகவே போயிற்று. மருத்துவமனையிலிருந்து ரத்தக் கறையோடு மூட்டை வந்து இறங்கும்போது உட்கார்ந்து பார்க்கிற ஆள் இல்லை தங்கை. புதிதாக வந்த பெண் பிளீச்சிங்கைக் கொட்டித் துணியை ஓட்டையாக்கப் போனால், இவள் கை முதலில் தொட்டிக்குள் இருக்கும். உறையை மாட்டிக்கொண்டு கறையைத் தடவிப் பார்க்க முடியாது. கழற்றிவிட்டாள். ஒரு மாதம் காத்து வளர்த்த கோடுகள் சில நாளிலேயே போயின.

ஒரு காலையில் போன் அவளை மறந்துவிட்டது. ஈரப் பகுதி முழுவதும் பின்னால் நின்றுகொண்டிருந்தது. வைத்தாள், துடைத்தாள், ஊதினாள், வைத்தாள். முயற்சிகள் முடிந்துவிட்டன, பிறகு பார்க்கலாம் என்று செயலி மூடிக்கொண்டது. மெஷின்கள் சும்மா நின்றன. மேனேஜர் வந்து தன் விரலால் திறந்துவிட்டார். மறுநாளும் அவர்தான் திறந்தார். அதற்கடுத்த முறை அவர் முகத்தைச் சுளிக்காமல், மெதுவாக, “தினமும் நான் வர முடியாதும்மா. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன்,” என்றார். அவர் சுளித்திருந்தால் தங்கை ஏதாவது பதில் சொல்லியிருப்பாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் பையை இறக்கவில்லை. “கடையில புதுசா ஒண்ணு வந்திருக்காம். வெளிச்சம் போட்டுப் பாக்காதாம், சத்தத்தால விரலைப் படிக்குமாம். ஈர விரலையும் கண்டுபிடிக்குமாம். இதைக் குடுத்துட்டு அதை வாங்கிடலாம்.”

“இதை வாங்கின பெட்டி இன்னும் அலமாரிமேல இருக்கு.”

“இருந்தா என்ன? அது என் சம்பளம்.”

“அடுத்த மாசம் இன்னொண்ணு வரும். அதுக்கும் போவியா? உன் விரலைத் தேடி எவனும் போன் செய்யலடி. நீயா எழுதக் கத்துக்கிற வரைக்கும் கடை கடையா ஏறி இறங்கிட்டே இரு.”

சுடுதண்ணி ஆறிப்போய் அக்கா பார்த்தது அதுதான் முதல் தடவை. பையோடு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு வந்த நாட்களில் சாப்பிட வருவாள், பாத்திரம் கழுவுவாள், போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஏதோ புது மாடல்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள் என்று அக்கா நினைத்தாள். நினைத்து நினைத்து காஜா இரண்டு கோணலாகப் போய், கம்பெனியில் திட்டும் வாங்கினாள்.

மகள் வீடு மாற்றியிருந்தாள்; புது வீட்டின் படங்களை அம்மாவின் போனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னாள். தங்கை குளிக்கப் போயிருந்தபோது அக்கா அவற்றைப் பார்க்க போனை எடுத்துப் பூட்டு எண்ணைப் போட்டாள். வீடு கிடைக்கவில்லை. தங்கையின் அடையாள அட்டையைப் பிடித்த படங்கள் கிடைத்தன. ஒன்றல்ல, அள்ள அள்ள வந்தன. அட்டையில் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கி, அதன்மேல் விரலால் சிவப்புக் கோடு இழுத்திருந்தாள். முதல் படங்களில் கோடு எழுத்தை விட்டு வழுக்கி, அட்டையின் ஓரத்துக்கே போயிருந்தது. பிறகு முதல் எழுத்தின் சுழியைக் கோடு பிடித்துக்கொண்டது. பிறகு இரண்டாவது. பிந்தைய படங்களில் அட்டையே இல்லை. வெறும் வெள்ளைத் திரையில் மூன்று எழுத்துகள் நின்றன. நான்காவது எங்குமே முடியவில்லை. வளைந்து கீழே இறங்கி, பாதியில் நின்றது.

அக்கா போனை இருந்த இடத்தில் இருந்தபடியே கவிழ்த்து வைத்தாள். கேட்கவில்லை. கேட்டால் தங்கை நிறுத்திவிடுவாள்.

மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரு தாளில் ஒப்புதல் வேண்டும், படித்துச் சொல்ல வீட்டிலிருந்து ஒருவரை அழைத்து வரச் சொல்லியிருந்தார். அக்கா கூடப் போனாள். மேனேஜரின் கண்ணாடி அறைக்கு வெளியே மடிப்பு தலை வாரிப் பூச்சூடி நின்றிருந்தாள். இந்த முறை அவளும் கிண்டல் செய்யவில்லை.

மேனேஜர் தாளை அக்காவின் பக்கம் நகர்த்தினார். அக்கா ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். “என் விரல்ரேகை கருவியில் பதியாத காரணத்தாலும், எனக்குக் கையெழுத்திடத் தெரியாத காரணத்தாலும், மேற்பார்வைப் பொறுப்பிலிருந்து என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகிக்கொள்கிறேன்.”

“சொந்த விருப்பமா?” என்றாள் தங்கை.

“அது எல்லாத் தாள்லயும் அப்படித்தான் வரும்மா. பழைய வேலை, பழைய சம்பளம், ஒண்ணும் குறையாது.” மைப் பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். “அடியில கட்டைவிரலை வச்சிடுங்க.”

தங்கை மைப் பெட்டியைப் பார்த்தாள். பிறகு அதன் மூடியை மூடினாள்.

“பேனா குடுங்க சார்.”

“பேனா எதுக்கும்மா? கைநாட்டு போதும்.”

“கைநாட்டு செல்லாதுன்னு நீங்கதான சொன்னீங்க?”

மேனேஜர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார். கறை தேய்க்கும் பிரஷைப் பிடிப்பது போல அதைப் பிடித்தாள். திரையில் விரலுக்கு வழுக்கிய கோடு தாளில் வழுக்கவில்லை, குத்தியது. முதல் எழுத்து பெரிதாக வந்தது. இரண்டாவது அதைவிடச் சின்னது. மூன்றாவதற்குப் பின் பேனா நின்றது. அக்காவின் வலது கை மடியில் தானாக வளைந்தது. நான்காவது எழுத்தை அவள் விரல் துணியில் போட்டுக்கொண்டிருந்தது. தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வளைத்தாள், இறக்கினாள், நின்றாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே ஏற்றிச் சுழித்து முடித்தாள்.

மேனேஜர் தாளைத் திருப்பி வைத்துப் படித்தார். மேலே கையெழுத்திடத் தெரியாது என்று இருந்தது. கீழே கையெழுத்து இருந்தது. மறுபடி படித்தார்.

“இதை நான் எப்படிம்மா மேல அனுப்புறது?”

“அது உங்க பாடு சார். எனக்கு மெஷின்ல துணி ஊறுது.”

அவர் வருகைத் தாளை இழுத்தார், தயங்கினார். “தினமும் இதே மாதிரி வரணும். ஒரு நாள் கோணலாப் போனாலும் கேப்பாங்க. வருமா?”

“தெரியாது,” என்றாள் தங்கை. அவள் நெற்றி வேர்த்திருந்தது. அக்காவுக்குத் தெரிந்து அவள் தெரியாது என்று ஒப்புக்கொண்டது அபூர்வம். “வர வைக்கணும்.”

வெளியே மடிப்பு திரும்பி உலர்ப் பகுதிக்கு நடந்தாள். மேனேஜர் பழக்கதோஷத்தில், செல்லாமல் போன அந்த விலகல் தாளைச் சுட்டிக்காட்டி, “தேதி போடலையேம்மா,” என்றார்.

எண்கள் அவளுக்கு எப்போதும் தெரியும். கையெழுத்துக்குக் கீழே, தானே எழுதினாள்: 28-11-2023.