குளிர வைக்கவும்

உத்திரமேரூருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், மூன்று மாடித் தையல் கம்பெனி ஒன்று இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் நான் அங்கே துப்புரவு வேலையில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய கட்டடம் அப்போது வேறு கிடையாது.

நாலு பேர் எதிரே நின்றால் எனக்குப் பேச்சு வராது. ஆனால் பத்தாவது வரை படித்திருந்தேன், கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அதனால் சுவரில் ஒட்டுகிற தமிழ் அறிவிப்பெல்லாம் என்னிடம் எழுத வரும். வாய் திறக்காமல் செய்கிற வேலை என்பதால் அதை ஆசையாகச் செய்வேன்.

ஒரு நாள் மேனேஜர் எங்கள் எல்லோரையும் கீழே கூப்பிட்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுவார். எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களின் நகரத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறதாம். பெரிய கட்டடம் வைத்திருப்பவர்கள் எவ்வளவு கரண்ட் எரிக்கிறோம் என்று சொல்ல வேண்டும், பிறகு அதைக் குறைத்தும் காட்ட வேண்டும். தங்களுக்குப் பொருள் தருகிற கம்பெனிகளும் அப்படியே செய்ய வேண்டும் என்று அவர்கள் கேட்டார்களாம்.

"வேன் டீசலும் அந்தக் கணக்குலதானுங்க வருது. பொங்கலுக்குள்ள கரண்ட் குறையலைன்னா, மேலிடத்துல வேனை நிறுத்திப்போட்டுக் குறைச்சுக் காட்டச் சொல்றாங்க. எனக்கு மனசில்லீங்க" என்றார்.

காவாந்தண்டலம், மாகறல் பக்கத்திலிருந்து வருகிற பெண்களெல்லாம் அந்த வேனை நம்பித்தான் வந்தார்கள். மாலையில் எங்கள் ஊர்ப் பக்கம் போகிற பஸ், கம்பெனி விடுவதற்கு முன்பே போய்விடும். வேன் நின்றால் என் வேலையும் நின்ற மாதிரிதான்.

மேனேஜர் சொன்னபடி, "வேலை முடிந்ததும் விளக்குகளை அணைக்கவும்" என்று எழுதி ஒவ்வொரு சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலும் ஒட்டினேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் "அணைக்கவும்" என்ற சொல்லின் மேல் எல்லா இடத்திலும் சட்டை லேபிள் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் துப்புரவு வேலையில் எங்களுக்கெல்லாம் மூத்த அக்கா. வாசலைக் கூட்டும்போதே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே, விளக்க அணைன்னு எய்தி ஒட்டிக்கீற? எத்தினி பொண்ணுங்க தாலி கட்டிக்கினு வேலைக்கு வருது. அந்த வார்த்தைய செவுத்துல போடலாமா?"

"மேனேஜர் சொன்னாருக்கா."

"அவருக்கு இன்னா, லுங்கி கட்டிக்கினு தனியா குந்தினு கீறாரு. சம்சாரம் ஊர்ல கீது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

கரண்ட் எங்கே போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐந்தரைக்குத் தையல் முடிந்து மேல் மாடிகள் காலியாகிவிடும். கீழே பேக்கிங் முடிந்து வேன் கிளம்ப இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில்தான் விளக்கு வைக்கிற வேளை வரும். அந்த வேளையில் எந்த அறையும் இருட்டாக இருக்கக் கூடாது என்று அக்கா மாடி மாடியாக ஏறி எல்லா சுவிட்சையும் போடுவாள். ஸ்டோர் ரூமைக்கூட விடமாட்டாள். ஆளே இல்லாத மாடிகளில் வரிசை வரிசையாக டியூப்லைட் எரியும். எங்களில் யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அன்று சாயங்காலம் அக்கா முதல் மாடிக்குக் கிளம்பும்போது நான் படிக்கட்டில் வழிமறித்து நின்றேன்.

"அக்கா, உங்க வூட்ல எத்தினி விளக்கு ஏத்துவீங்க?"

"ஒண்ணுதான். ரூமுக்கு ஒண்ணா ஏத்துவாங்க?"

"இந்த கம்பெனிக்கும் வாசல் ஒண்ணுதானேக்கா."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே பிள்ளையார் படத்துக்கு மேலே ஒரு சின்ன பல்பு உண்டு.

"வாயே தெறக்காதவ இன்னிக்கு நல்லாத்தான் பேசுற" என்றாள். "செரி, வாசல்ல நான் ஏத்துறேன். மேல கீறத இன்னா பண்ணுவ?"

"குளிர வெச்சிடலாம்க்கா."

எங்கள் வீடுகளில் சாமி விளக்கை நிறுத்துவதை அப்படித்தான் சொல்வோம். அக்காவின் முகம் தெளிந்தது. "அத்த எய்தி ஒட்டு. அணையாம்!" என்றாள்.

புதுத் தாள் வாங்கி, "வேலை முடிந்ததும் விளக்குகளைக் குளிர வைக்கவும்" என்று எல்லாவற்றையும் திரும்ப எழுதினேன். மேனேஜரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இருந்தால்தானே.

அவர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, இத்தனை டியூப்லைட்டையும் ஐஸ் பொட்டியில வைக்கோணுங்களா?"

பின்னால் துடைப்பத்தோடு நின்ற அக்காதான் பதில் சொன்னாள். "சார், அந்த வார்த்தைய மாத்தாதீங்க. மாத்துனா ஒருத்தியும் சுவிட்ச தொட மாட்டா."

அவர் அந்தத் தாளை இன்னொரு தடவை படித்தார். "அப்ப இருக்கட்டுமுங்க" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் வாசல் பல்பை அக்கா போட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அதே நேரத்தில் மாடிக்கு ஒருத்தி ஏறுவாள். "ரெண்டாவது மாடி குளுந்துச்சா?" என்று அக்கா கீழிருந்து கத்துவாள். "குளுந்துச்சு, ஸ்வெட்டர் குடுத்தனுப்பு!" என்று மேலிருந்து குரல் வரும். தையல்காரப் பெண்களும் எழுந்திருக்கும்போது தங்கள் மிஷின் விளக்கைத் தாங்களே நிறுத்தப் பழகினார்கள்.

பொங்கலுக்கு முன்பு மேனேஜர் மறுபடியும் எங்களைக் கூப்பிட்டார். கரண்ட் நன்றாகவே குறைந்திருந்தது.

"வேன் ஓடுமுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெண்கள் கைதட்டிய சத்தத்தில் மற்றது எதுவும் கேட்கவில்லை.

பின்னாளில் தாள்களை எடுத்துவிட்டு அச்சடித்த போர்டு மாட்டினார்கள். மேலே ஆங்கிலம், கீழே தமிழ். தமிழில் என் சொல்லே இருந்தது. அதை அப்படியே அடிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லி அனுப்பினாராம். யாரிடமும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை, எனக்கு அது வராது. ஆனால் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தால் முதலில் அந்தப் போர்டுகளைத்தான் துடைப்பேன்.

போர்டு மாட்டிய அன்று மாலை வேனில் ஏறியபோது அக்கா ஜன்னல் ஓர இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"இங்க வந்து குந்துமே" என்று எழுந்து நகர்ந்தாள்.