அடுப்புப் பரணில் காயவைத்த பெல் பேட்டரி

பிள்ளைகளே, இதை எழுதும்போதும் என் மேல் எனக்குள்ள கோபம் அடங்கவில்லை.

தெஹியோவிட்டவுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போனால் வீட்டில் இரண்டு மகள்கள் மட்டும்தான். வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று போனில் பார்க்க, கேமரா வைத்த பெல் ஒன்று மாட்டியிருந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் சார்ஜ் இறங்கிவிட்டது. கழற்றிய பேட்டரி மழையில் நனைந்திருந்தது. அடுப்புக்கு மேலே ஈர விறகு காயவைக்கும் பரணில் அதையும் வைத்தேன். பிறகு சூட்டோடு எடுத்து, சின்னவள் தூங்கிய மெத்தையிலேயே வைத்து சார்ஜ் போட்டேன்.

"அப்பா, கொதிக்குது. கொஞ்சம் ஆறட்டும்ப்பா," என்றாள் பத்து வயது மூத்தவள்.

"பெரிய இன்ஜினியர் வந்துட்டா. போய் பாடத்தப் படி."

அதட்டிவிட்டு விறகு பிளக்கப் போனேன். சற்று நேரத்தில் அலறல் கேட்டு ஓடிவந்தேன். பேட்டரி உப்பி வெடித்து மெத்தை எரிந்துகொண்டிருந்தது. தங்கையை மூத்தவள் வெளியே இழுத்து வந்திருந்தாள்.

"நான் சொன்னேனேப்பா," என்று அழுதாள். இருவருக்கும் காயமில்லை என்று பார்த்துவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்தேன்.

நனைந்த பேட்டரியை இப்போது நான் சார்ஜ் போடுவதே இல்லை. புதியதையும் சிமெந்துத் தரையில் வைத்து, ஏறி முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளே, உங்கள் அப்பா அதட்டினாலும் பயப்படாமல் இன்னொரு தடவை உரக்கச் சொல்லுங்கள்.